டேங்கர் எங்கே? உங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஓர் இணையக் கலைப்படைப்பு செய்யும் வழி

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையையும் வந்த வெள்ளத்தையும் தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரர்கள் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பனுக்கு வடக்கே நாங்கள் இருக்கும் டோங்காட்டில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வெள்ளத்தில் நாசமாகி, பல மாதங்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை. அந்த மாதங்களில் எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் விடிந்தால் அடைந்தால் ஒரே கேள்விதான்: டேங்கர் எங்கே?

ஒரு நாள் சாயங்காலம் மூலை வீட்டு ஆயா தமிழில் குரல் செய்தி அனுப்பினார். "கோயில் வாசல்ல டேங்கர் நிக்குது, வாளிய எடுத்துட்டு ஓடியாங்க." பேரப்பிள்ளைகள் தலைமுறையில் பலருக்கு இங்கே தமிழ் புரியாது. ஆயா என்ன சொல்கிறார் என்று ஒரு பையன் கேட்டான். அடுத்த நிமிடமே ஒரு பெரியம்மா ஆங்கிலத்தில் தட்டி விளக்கினார். மூன்றாவதாக ஒருவர், ஆயா வீட்டுக்கும் சேர்த்து நானே பிடித்து வந்துவிடுகிறேன் என்றார். எல்லாம் நான்கே செய்திகள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளோடு சேர்ந்து ஓர் இணையக் கலைப்படைப்பு செய்யலாம் என்று பேச்சு வந்தபோது, அந்த நான்கு செய்திகளிலிருந்துதான் தொடங்கினோம். அந்த வேலையில் கற்றுக்கொண்டதை அப்படியே இங்கே எழுதுகிறேன். டோங்காட்டில் மட்டுமல்ல, இந்நாட்டில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் லெனேசியாவிலும் இதைச் செய்யலாம்.

முதலில், எது இணையக் கலை?

ஓவியத்தைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றினால் அது இணையத்தில் இருக்கும் ஓவியம், அவ்வளவுதான். இணையக் கலைக்கு மூலப்பொருளே இணையமும் அதில் மனிதர்கள் பழகும் விதமும்தான். இணைப்பைத் துண்டித்தால் அந்தப் படைப்பின் உயிரில் ஒரு பகுதி போய்விடும்.

1994இல் டக்ளஸ் டேவிஸ் என்ற அமெரிக்கக் கலைஞர் உலகத்துக்கே பொதுவான ஒரு வாக்கியத்தைத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் வந்து அதில் எழுதிச் சேர்க்கலாம். ஒரே ஒரு விதி, முற்றுப்புள்ளி வைக்கக் கூடாது. 2002 முதல் 2009 வரை மிராண்டா ஜூலையும் ஹாரெல் ஃப்ளெட்சரும் இணையத்தில் சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்து, மக்கள் செய்து அனுப்பியவற்றைச் சேர்த்து வைத்தார்கள். உங்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்பது மாதிரி வேலைகள். 8,000க்கும் மேற்பட்டோர் பங்கெடுத்தார்கள். மார்க் ஹான்சனும் பென் ரூபினும் பொது அரட்டை அறைகளில் அந்நியர்கள் தட்டிய வரிகளை எடுத்து, 231 சின்னத் திரைகளில் ஓடவிட்டுக் கணினிக் குரலில் ஒலிக்கச் செய்தார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. ஜோகன்னஸ்பர்க் கலைஞர் போகோசி செகுகுனி, பிரிந்திருந்த தன் தந்தையோடு பேஸ்புக்கில் நடந்த உரையாடலை எடுத்து 2014இல் ஒரு வீடியோ படைப்பாக்கினார். நம் குழுவை ஒரு படைப்பாக மாற்ற முடியும் என்ற தைரியம் எனக்கு அதிலிருந்துதான் வந்தது. பிரமாண்டமான எதுவும் அங்கே இல்லை. ஒரு மகன், ஒரு அப்பா, இருவருக்கும் நடுவே ஒரு அரட்டைப் பெட்டி.

படி 1: கொடுக்கல் வாங்கலைக் கண்டுபிடியுங்கள்

பலர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். குழுவில் எது அழகாக இருக்கிறது, எது சிரிப்பாக இருக்கிறது என்று தேடுவார்கள். அப்படித் தேடினால் கடைசியில் ஒரு படத்தொகுப்புதான் மிஞ்சும்.

கல்யாண வீட்டு மொய் நோட்டை நினைத்துப் பாருங்கள். அதில் பெயரும் தொகையும்தான் இருக்கும். ஆனால் அதை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த ஒவ்வொரு வரியும் ஓர் உறவு. யார் நமக்குச் செய்தார்கள், நாம் யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் அடங்கிவிடும். உங்கள் குழுவுக்கும் எழுதப்படாத ஒரு மொய் நோட்டு உண்டு. அதைத்தான் தேட வேண்டும்.

ஒரு வாரத்துச் செய்திகளை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய தாளில் உட்காருங்கள். ஒவ்வொரு செய்தியையும் ஒரு புள்ளியாக வையுங்கள். பதில் வந்த செய்திக்கும் பதிலுக்கும் கோடு போடுங்கள். பதிலே வராதவற்றைச் சுற்றி வட்டம் போடுங்கள். எங்கள் தாளில் அதிக வட்டங்கள் விழுந்தது காலை வணக்கப் படங்களுக்கு. பூ, முருகன், தேநீர்க் கோப்பை, சூரிய உதயம் எல்லாவற்றுக்கும் வட்டம்தான். இவை வீண் என்று பிள்ளைகள் ஒதுக்கப் பார்த்தார்கள். ஆனால் ஒரு தாத்தா இரண்டு நாள் படம் போடாமல் இருந்தபோது, மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு நான்கு பேர் "தாத்தா நல்லா இருக்காரா?" என்று கேட்டிருக்கிறார்கள். படம் போடுவது, நான் எழுந்துவிட்டேன், இருக்கிறேன் என்று சொல்வது. அதற்குப் பதில் வராதது, பார்த்துவிட்டோம் என்பது. அந்தத் தாத்தாவின் இரண்டு நாள் மௌனம் மட்டுமே தனியாக ஒரு படைப்பாகும்.

இன்னும் எத்தனையோ இருக்கின்றன. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும்போது யார் வீட்டுப் பானை யாரிடம் இருக்கிறது என்ற விசாரணைகள். புரட்டாசியில் கைமாறும் காய்கறிப் பட்டியல்கள். காவடிக்கு முந்தைய வாரம் பால், பூ, எலுமிச்சை. அப்புறம் கப்பல் எண்கள். 1860 முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த 1,52,184 பேருக்கும் ஒவ்வோர் எண் உண்டு. கப்பல் பட்டியலில் அந்த எண்ணோடு பெயர், தகப்பன் பெயர், வயது, மாவட்டம், ஊர், உடலில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கும். ஒருவர் தாத்தாவின் தாத்தா எண்ணைப் போட்டு இது எந்த ஊர் என்று கேட்கிறார். முன்பின் தெரியாத ஒருவர், ஆங்கில அதிகாரி காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயரைப் பிரித்து, இது திண்டிவனமாக இருக்கலாம் என்று பதில் போடுகிறார். இப்படிப்பட்ட உரையாடல் உங்கள் குழுவில் நடந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

ஒன்றே ஒன்றை எடுங்கள். நாங்கள் டேங்கர் பற்றிய செய்திகளையும் அவற்றின் பதில்களையும் மட்டும் எடுத்துக்கொண்டோம். மற்ற அத்தனையையும் விட்டுவிட்டோம்.

படி 2: அனுமதி

இதற்குப் போதிய நேரம் ஒதுக்குங்கள். எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. அதில் ஒரு நாளும் வீண் என்று நான் நினைக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், எல்லோரும் போப்பியா என்று சொல்வது, 2021 ஜூலை 1 முதல் முழுமையாகக் கடைப்பிடிக்க வேண்டியதாகிவிட்டது. முழுக்க வீட்டுக்குள், தனிப்பட்ட முறையில் நடக்கும் பரிமாற்றத்தை அது தொடுவதில்லை. ஆனால் அதையே எடுத்து உலகம் பார்க்கும் இடத்தில் வைத்தால் அது வீட்டு விஷயமாக இருக்காது. கலைக்கும் இலக்கியத்துக்கும் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. அதுவும் தனியுரிமையையும் கருத்துச் சுதந்திரத்தையும் சமன் செய்யத் தேவையான அளவுக்கு மட்டும்தான். மத நம்பிக்கை, உடல்நலம் பற்றிய தகவல்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் வேண்டும். கலை விலக்கு இருக்கிறதே என்று கேட்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். சட்டம் விட்டாலும் ஆயா முகத்தில் எப்படி விழிப்பது?

குழுவில் பொதுவாக ஓர் அறிவிப்பைப் போட்டு, எதிர்ப்பு வரவில்லை, அதனால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது தவறு. வீடு வீடாகப் போங்கள். அவர்கள் எழுதிய செய்தியை அச்சடித்துக் கையில் கொடுத்து, இதை இப்படிப் பயன்படுத்தப் போகிறோம் என்று காட்டுங்கள். பெயர் வேண்டுமா வேண்டாமா என்று கேளுங்கள். பிறகு மனம் மாறினால் எடுத்துவிடுவோம் என்று எழுதிக் கொடுங்கள்.

ஆயாவிடம் போனபோது அவர் படைப்பைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "என் குரல் அங்க எவ்வளவு நாள் இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. திரும்பி வந்து பேசி முடிவெடுத்தோம்: இரண்டு ஆண்டு இருக்கும், அதன் பிறகு மறுபடி கேட்போம், அவர் இல்லாத காலத்தில் அவர் மகள் சொல்வதுதான் முடிவு. இந்தக் கேள்வியை இப்போது எல்லோரிடமும் நாங்களே முதலில் கேட்டுவிடுகிறோம். ஐந்து வீட்டார் வேண்டாம் என்றார்கள். அந்தச் செய்திகளை எடுத்துவிட்டு, அவை இருந்த இடத்தைக் காலியாகவே விட்டோம்.

படி 3: எடுப்பது

இது எளிது. குழுவைத் திறந்து மெனுவில் எக்ஸ்போர்ட் சாட் என்பதைத் தட்டினால், படங்களோடு வேண்டுமா இல்லாமலா என்று கேட்கும். இல்லாமல் எடுங்கள். தேவையான குரல் செய்திகளைத் தனித்தனியாகச் சேமித்துக்கொள்ளலாம். கையில் கிடைப்பது சாதாரண எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு செய்தியிலும் தேதி, நேரம், அனுப்பியவர், செய்தி.

மூன்று எச்சரிக்கை. நீண்ட குழு என்றால் பழைய செய்திகள் முழுவதும் வராது, எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. மறையும் செய்திகள் வசதியை அட்மின் போட்டிருந்தால் 24 மணி நேரமோ, 7 நாளோ, 90 நாளோதான் செய்தி தங்கும். 2025இல் வந்த கூடுதல் தனியுரிமை வசதி இயக்கத்தில் இருந்தால் எக்ஸ்போர்ட் செய்யவே முடியாது. அதை யாராவது வேண்டுமென்றே போட்டிருக்கலாம். அணைக்கச் சொல்லும் முன் ஏன் போட்டார்கள் என்று கேளுங்கள்.

படி 4: சுத்தம் செய்வது

கோப்பை லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருளில் அட்டவணையாகத் திறங்கள். திறக்கும்போது எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-8 என்று இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் முதல் தடவை திறந்து, தமிழ் வரிகளெல்லாம் கட்டம் கட்டமாகிவிட்டன. அதை அப்படியே சேமித்தும் விட்டோம், மறுபடி முதலிலிருந்து. மூலக் கோப்பின் ஒரு பிரதியைத் தொடாமல் தனியாக வையுங்கள்.

பெயரையும் போன் எண்ணையும் நீக்குவது தொடக்கம்தான். எண்கள் செய்திக்கு உள்ளேயும் இருக்கும். வீட்டு அடையாளங்களும் இருக்கும். எங்கள் முதல் வரைவில் பெயர்கள் எல்லாம் போய்விட்டன என்று நிம்மதியாக இருந்தோம். ஒரு செய்தியில் "நீல கேட், பெரிய ஜோஜோ டேங்க் இருக்குற வீடு" என்று இருந்தது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அது யார் வீடு என்று சொல்லிவிடுவார்கள். அந்த வீட்டில் தண்ணீர் சேமிப்பு இருந்தது என்பதும், அதைச் சிலரோடு மட்டும் பகிர்ந்தார்கள் என்பதும் சேர்ந்தே வெளிப்பட்டிருக்கும். ஆகவே கடைசியில் குழுவுக்குள்ளேயே இருக்கும் ஒருவரிடம் கொடுத்து, இதில் யாரையாவது அடையாளம் தெரிகிறதா என்று கேளுங்கள். வெளியாள் கண்ணுக்கு இது தெரியாது.

எழுத்துப் பிழைகளைத் திருத்தாதீர்கள். டர்பன் ஆங்கிலத்தில் இரண்டு இசிசூலுச் (சூலு மக்களின் மொழி) சொல், நடுவில் ஆங்கில எழுத்தில் தட்டிய 'பெரியம்மா', 'தம்பி', 'சாமி' என்ற சொற்கள். நூற்று அறுபது ஆண்டு வாழ்க்கை அந்த ஒரு வரியில் இருக்கிறது.

படி 5: வடிவம்

இப்போதுதான் கலை தொடங்குகிறது. கேட்க வேண்டிய கேள்வி இது: பார்க்க வருபவருக்கு அந்தக் கொடுக்கல் வாங்கலைப் பற்றிச் சொல்லப் போகிறோமா, அவரையே அதில் சேர்க்கப் போகிறோமா?

நாங்கள் மூன்று வடிவம் போட்டுப் பார்த்தோம். செய்திகளை வரிசையாக உருளவிட்டது ஆவணம்போல இருந்தது. தண்ணீர் சொட்டும் ஓசையோடு வரைபடத்தில் புள்ளிகள் போட்டது அழகாகத்தான் இருந்தது, ஆனால் பார்த்தவுடன் மறந்துவிட்டது. மூன்றாவதுதான் மனதில் நின்றது. கறுப்புத் திரை. மேலே டர்பன் நேரம். நீங்கள் மதியம் மூன்று மணிக்குத் திறந்தால், அந்த மாதங்களில் மதியம் மூன்று மணி வாக்கில் வந்த செய்திகள் மட்டுமே, ஒவ்வொன்றாக. விடியற்காலை நான்கு மணிக்குத் திறந்தால் நான்கு மணிச் செய்திகள், அந்த நேரத்திலும் யாரோ டேங்கருக்காக விழித்திருந்திருக்கிறார்கள். செய்தி இல்லாத நேரத்தில் வெறும் கறுப்பு. முன்னுக்கோ பின்னுக்கோ தள்ள முடியாது, காத்திருக்க வேண்டும். டேங்கருக்கு நாங்கள் காத்திருந்ததைப்போல.

ஆயாவின் குரல் வரும்போது திரை நின்றுவிடும். கீழே ஒரு பெட்டி: ஆயா என்ன சொன்னார்? தமிழ் தெரிந்தவர் தனக்குத் தெரிந்த மொழியில் பொருளை எழுதலாம். தெரியாதவருக்கு, முன்பு வந்த யாரோ எழுதி வைத்தது தெரியும். அதன் பிறகே அடுத்த செய்தி திறக்கும். அன்று அந்தப் பையனுக்குப் பெரியம்மா செய்ததை இப்போது முகம் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் செய்கிறார்கள். ஒருவர் அதை இசிசூலுவில் எழுதினார். அதைப் படித்த அன்று எங்கள் வகுப்பில் பாடமே நடக்கவில்லை.

படி 6: கட்டுவது

பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ஓர் எச்டிஎம்எல் பக்கம், செய்திகளை அடக்கிய ஒரு ஜேசான் கோப்பு, நேரத்தைப் பார்த்துச் செய்தியை எடுக்கும் ஐம்பது வரி ஜாவாஸ்கிரிப்ட். பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒரு வார இறுதியில் எழுதிவிடலாம். பார்ப்பவரின் போன் காட்டும் நேரத்தை அப்படியே எடுக்காமல் டர்பன் நேரமாக மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே கோடைக்கால நேர மாற்றம் கிடையாது, ஆண்டு முழுவதும் உலகப் பொது நேரத்துக்கு இரண்டு மணி முன்னால். அதனால் கணக்கு சுலபம். சென்னையில் இருக்கும் உறவினர் மாலை ஆறரைக்குத் திறந்தால் இங்கே மூன்று மணி.

டேட்டா விலை இங்கே எல்லோருக்கும் தெரியும். பக்கத்தின் மொத்த எடையை 1 எம்பிக்குள் வையுங்கள். குரல் செய்திகளை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் போட்டு, ஒற்றைத் தடத்தில் 32 கேபிபிஎஸ் எம்பி3ஆக மாற்றினால் ஒரு நிமிடத்துக்கு 240 கேபிதான் ஆகும், பேச்சுக்கு அது போதும். குரல் தானாக ஒலிக்க வேண்டாம். தட்டினால் மட்டும் இறங்கட்டும். எழுத்துருவையும் இறக்க வைக்காதீர்கள், போனில் இருக்கும் தமிழ் எழுத்தே நன்றாகத் தெரியும்.

இணையப் பக்கங்களை வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஏற்றலாம். இங்கே ஒன்றை மறக்கக் கூடாது: இலவசக் கணக்கில் நீங்கள் ஏற்றும் எல்லாக் கோப்பும் பொதுவில் இருக்கும், பிறகு அழித்தாலும் பழைய பதிப்பு வரலாற்றில் தங்கிவிடும். மூலக் கோப்பை, பெயர் உள்ள எதையும், ஒரு முறைகூட அங்கே வைக்காதீர்கள். தேடுபொறிகள் பக்கத்தை அட்டவணைப்படுத்த வேண்டாம் என்று சொல்லும் நோஇண்டெக்ஸ் குறியையும் சேர்த்துவிடுங்கள். பெட்டியில் எழுதப்படுபவை நேரே திரைக்குப் போகக் கூடாது. நாங்கள் கூகுள் ஃபார்ம் ஒன்றை வைத்திருக்கிறோம். ஞாயிறு வகுப்பு முடிந்ததும் படித்துப் பார்த்துக் கையால் சேர்க்கிறோம். மெதுவான வேலைதான். ஆனால் ஆயாவின் குரலுக்குக் கீழே அசிங்கமாக ஒன்றும் வந்துவிடாது.

படி 7: முதலில் குழுவுக்கே

வெளியே சொல்லும் முன் ஒரு மாதம் குழுவுக்குள் மட்டும் விடுங்கள். பழைய போனில், மெதுவான இணைப்பில், வெயிலில் நின்று திறந்து பாருங்கள். மின்வெட்டு (லோட்ஷெட்டிங்) நேரத்தில் அருகிலுள்ள செல்போன் கோபுரமும் படுத்துவிட்டால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். மூன்று வீட்டார் இந்த மாதத்தில்தான் தங்கள் செய்தியை எடுக்கச் சொன்னார்கள், இன்னும் இரண்டு வீட்டார் புதிதாகச் சேர்க்கச் சொன்னார்கள்.

காட்சிக்கு வைக்க விரும்பினால் டர்பனில் இடம் உண்டு. மின்னணுக் கலைக்கான பன்னாட்டு மாநாடான ஐசியா 2018இல் இங்கேதான் நடந்தது, இந்த வகைக் கலை ஊருக்குப் புதிதல்ல. ஆனால் கோயில் மண்டபத்தில் பெரிய திரையில் போட்டபோது எங்கள் படைப்பு சுருங்கிப்போனது. கையில் இருக்கும் போனில் தனியாகப் பார்ப்பதற்குத்தான் அது பொருந்துகிறது. உங்களுடையது வேறாக இருக்கலாம், இரண்டிலும் பாருங்கள்.

படி 8: பாதுகாப்பது

யாரும் இலவசமாக இணையப் பக்கம் கட்ட இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது லட்சக்கணக்கானோர் கையால் கட்டிய பக்கங்கள் போயின. தன்னார்வலர்கள் ஓடி ஓடிப் பிரதி எடுத்ததால்தான் ஒரு பகுதியாவது மிஞ்சியது. டேவிஸின் முடியாத வாக்கியமும் காலப்போக்கில் பழுதடைந்தது. நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 2013இல் அதை மீட்டபோது இரண்டு வடிவமாக வைத்தது: உடைந்த இணைப்புகளோடு பழையது அப்படியே, மக்கள் தொடர்ந்து எழுதப் புதியது ஒன்று. நாங்களும் அதைத்தான் பின்பற்றுகிறோம். தொடங்கிய நாளின் பிரதி ஒன்று மாறாமல் இருக்கும், ஓடிக்கொண்டிருப்பது ஒன்று.

இரண்டையும் இரண்டு பென் டிரைவில் போட்டு, இரண்டு வீட்டில் வையுங்கள், ஒரே தெருவில் வேண்டாம். செய்திகள் அனைத்தையும் ஒரு தடவை தாளில் அச்சடித்துக் கட்டி வையுங்கள். கணக்கின் கடவுச்சொல், யார் எதற்கு எவ்வளவு காலம் சம்மதித்தார்கள் என்ற பட்டியல், அவர்களை மறுபடி கேட்க வேண்டிய தேதி, மூன்றையும் ஒரே உறையில் போட்டு ஒட்டுங்கள். எங்கள் உறை வகுப்பு நடக்கும் அறையின் இரும்பு அலமாரியில், வருகைப் பதிவேட்டுக்கு அடியில் இருக்கிறது. அதன் மேல் முதல் வரியாக ஆயாவிடம் மறுபடி போக வேண்டிய மாதத்தை எழுதியிருக்கிறோம்.